சந்தனமாரியின் வலது கால்

சந்தனமாரியின் வலது காலைச் சென்னையில் முழங்காலுக்கு மேலே எடுத்த மறுநாள் விடியலில், அந்தக் கால் அவளுக்கு முன்பாகவே ஊருக்கு வந்து சேர்ந்து மூன்றாம் பாத்தியை மிதித்து முடித்திருந்தது. அது தை மாதம். மழைத் தண்ணீர் வடிந்து, உப்பளங்களில் சேறு இறுகத் தொடங்கி, ஒத்தப்பனைக் குடியிருப்பில் கால் உள்ள அத்தனை பேரும் பாத்தி மிதிக்க இறங்கியிருந்த நேரம். உப்பு விளைய வேண்டுமானால் தரை கெட்டிப்பட வேண்டும், தரை கெட்டிப்பட வேண்டுமானால் ஆட்கள் வரிசை கட்டி நின்று குதிகாலும் விரலும் பதிய அங்குலம் அங்குலமாக மிதிக்க வேண்டும், ஒரு இடம் விட்டுப்போனால் அந்த இடத்தில் உப்புத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிப் பாத்தியே பாழாகும். அதனால் எங்கள் கங்காணி சுயம்பு தினமும் விடியலில் வரப்பில் குந்தி உட்கார்ந்து தடங்களைப் படிப்பார். யார் மிதித்தது, யார் மிதிப்பதாக நடித்தது என்று அவருக்குத் தடமே சொல்லிவிடும்.

அன்று அவர் மூன்றாம் பாத்தியின் ஓரத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பெருவிரலைவிட நீண்ட இரண்டாம் விரல், குதிகாலில் சின்ன வயதில் கிளிஞ்சல் கிழித்த பிறை வடிவத் தழும்பு, எல்லாம் சேற்றில் அச்சாக விழுந்திருந்தன.

"சந்தனமாரி காலுல்லா இது," என்றார்.

"அவ ஆஸ்பத்திரியிலல்லா கெடக்கா அண்ணாச்சி," என்றாள் தண்ணீர்க் குடத்தோடு வந்த செல்லக்கனி.

"அவ கெடக்கா. கால் வந்துட்டு."

"ஒத்தக் காலாத்தான இருக்கு?"

"மத்தது அவளுக்கு வேணும்லா," என்று சொல்லிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து அவர் நாலாம் பாத்திக்குப் போனார். அந்தப் பிள்ளைக்குக் கால் எடுத்த சேதி எங்களுக்கு அப்படித்தான் தெரிய வந்தது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தத் தடங்கள் நொண்டியடித்த தடங்கள் அல்ல. ஒரு தடத்துக்கும் அடுத்த தடத்துக்கும் நடுவில் இன்னொரு கால் வைக்கிற இடம் இருந்தது. இரண்டு காலும் உள்ள ஒரு பெண் நிதானமாக நடந்துபோய், பிறகு யாரோ இடது தடங்களை மட்டும் கவனமாக அழித்துவிட்ட கணக்கில் அது இருந்தது. அந்த இடைவெளிகளை நாங்கள் எல்லோரும் பார்த்தோம், அவை எதற்காக விடப்பட்டன என்று ஒருவரும் கேட்கவில்லை.

வியாதி வந்த கதை ஊருக்கே தெரியும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அதற்கு முந்தின ஆடியில், பள்ளிக்கூட மைதானத்தில் கபடிப் பயிற்சி நடந்தபோது, ரெய்டு போன சந்தனமாரியை மூலையில் நின்ற பிரமு முழங்காலோடு சேர்த்து அணைத்துப் பிடித்தாள். பிரம்மசக்தி என்பது அவள் முழுப்பெயர். மூன்றாம் வகுப்பிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்சு, பத்தாம் வகுப்பு வரைக்கும் அதில் மாற்றமில்லை, அணியில் சந்தனமாரி தொட்டுவிட்டு ஓடி வருகிறவள், பிரமு பிடித்தால் விடாதவள். அன்று விழுந்த சந்தனமாரி சிரித்துக்கொண்டே எழுந்தாள், நொண்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள், அடுத்த வாரமும் நொண்டினாள். உண்மையில் அந்த முழங்கால் அதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே வலித்துக்கொண்டிருந்தது. ஆனால் உப்பளத்து ஊரில் கால் வலிக்கிறது என்று சொன்னால் யாருக்குத்தான் வலிக்கவில்லை என்பதுதான் பதில், அதனால் அவள் சொன்னதை அவள் அம்மா பொன்னுத்தாய் காதில் போட்டுக்கொள்ளவில்லை, நாங்களும் போட்டுக்கொள்ளவில்லை. விழுந்த பிறகு எலும்பு வைத்தியரிடம் கூட்டிப்போனார்கள். அவர் முட்டை வெள்ளைக்கரு தடவி மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார், ஆறு வாரம் எண்ணெய் விட்டு நீவினார், நீவ நீவ வீக்கம் ஏறியது.

சென்னைக்குக் கிளம்பிய அன்று பஸ் நிறுத்தத்தில் பிரமு வந்து நின்றாள். கையில் ஒரு பொட்டலம் கருப்பட்டி மிட்டாய். பொன்னுத்தாய் அவளைப் பார்த்ததும், பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் தலையை நீட்டிப் பார்க்கும்படி, "ஏட்டி, நீ பிடிச்ச பிடியிலதாம்ட்டி எம்பிள்ள காலு இப்படி ஆச்சு, இனிமே எங்க வாசல்ல உன் நிழலு விழக்கூடாது கேட்டியா," என்றாள். பிரமு பொட்டலத்தைக் கொடுக்கவும் இல்லை, கீழே போடவும் இல்லை, அப்படியே கொண்டுபோய்விட்டாள். சந்தனமாரி ஜன்னல் வழியாக ஏதோ சொன்னாள், அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. பெற்ற வயிறு பேசுகிறது என்று நாங்கள் எல்லோரும் சும்மா நின்றோம். வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் சும்மா நிற்பதில் எங்கள் ஊரை அடிக்க ஆள் இல்லை.

ஆஸ்பத்திரியில் அவள் தனியாக இல்லை. அந்த வார்டு தனி ஒரு ஊர், அதற்குத் தெருக்களும் இருந்தன. பெரிய தெரு ரத்தப் புற்றுப் பிள்ளைகளுடையது, மூன்று வயசும் நாலு வயசுமாக, விடாத காய்ச்சலோடும் உடம்பில் காரணமில்லாமல் கன்றிய நீலங்களோடும் வந்து சேர்ந்தவர்கள், அவர்களில் நிறையப் பேர் குணமாகி வீட்டுக்குப் போனார்கள் என்பதால் அந்தத் தெருவில்தான் சிரிப்பும் அதிகம். ஜன்னல் பக்கம் மூளையில் கட்டி உள்ளவர்கள். அதில் ஒருவன் காலையில் எழுந்ததும் தலைவலி வாந்தி என்று சொல்லி, பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி கொடுக்கிறான் என்று மூன்று மாதம் அடி வாங்கியவன். கழுத்தில் வலிக்காத நெறிக் கட்டிகளோடு ஒரு காலேஜ் பெண், சிறுநீரகத்தில் கட்டி வந்து வயிறு பெருத்த ஒரு குட்டிப் பயல், பிறந்தநாள் போட்டோவில் ஒரு கண் மட்டும் வெள்ளையாக மின்னியதால் கண்டுபிடிக்கப்பட்டு அந்தக் கண்ணை எடுத்துவிட்ட நாலு வயதுக் குழந்தை. சந்தனமாரி மாதிரி எலும்பில் புற்று வந்தவர்கள் கடைசி வரிசை. எல்லோரும் மளமளவென்று உயரம் போட்ட வயசுக்காரர்கள். அங்கே யாரும் யாரையும் பார்த்து உச்சுக்கொட்டவில்லை, உனக்கு எங்கே என்று கேட்டார்கள், சொன்னதும் சரி என்று விளையாடப் போனார்கள்.

கால் ஊருக்கு வந்துவிட்ட சேதியை அப்பா தங்கராசு போனில் சொன்னார். கொல்லத்துக்கு உப்பு லாரி ஓட்டுகிறவர், எங்கேயோ ஒரு டீக்கடையில் நிறுத்திப் பேசினார், பேசுகிற குரலில் ஆச்சரியம் இல்லை, அழுகை இருந்தது. சந்தனமாரி அதை வார்டில் சொன்னபோது கண் எடுத்த குழந்தை மட்டும் கட்டிலில் ஏறி உட்கார்ந்து கேட்டது.

"அக்கா, அப்ப என் கண்ணும் வீட்டுக்குப் போயிருக்குமா?"

"போயிருக்கும்."

"எங்க பூனைய பாத்துக்கிட்டு இருக்குமா?"

"வேற என்ன வேல அதுக்கு," என்றாள் சந்தனமாரி. குழந்தை நிம்மதியாக இறங்கிப் போனது.

டாக்டரம்மாவிடம் அவள் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டாள். கபடியில் பிடித்துக் கீழே தள்ளியதால் வந்ததா என்று. மூன்று தடவையும் அந்த அம்மா ஒரே பதிலைச் சொன்னார். விழுந்தால் புற்று வராது, அது ஏற்கெனவே உள்ளே இருந்தது, வளர்கிற வயதில் முழங்காலையொட்டித்தான் எலும்பு வேகமாக வளரும், இந்த வியாதிக்கும் பிடித்த இடம் அதுதான், விழுந்ததால் கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான். யார்மேலும் தப்பு இல்லை. இதைப் பொன்னுத்தாயும் பக்கத்தில் நின்று கேட்டாள். ஆனால் யார்மேலும் தப்பு இல்லை என்றால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியாததால், கேட்காத மாதிரி நின்றாள்.

இங்கே ஊரில் காலுக்கு மரியாதை கூடிக்கொண்டே போனது. அது மிதித்த பாத்தியில் தண்ணீர் ஒரு சொட்டு இறங்கவில்லை, பங்குனியில் அந்தப் பாத்தியில் கட்டிய உப்பு மற்ற பாத்தி உப்பைவிட வெளுப்பாகவும் மணி பெரிதாகவும் இருந்தது. உப்பு வாரி எடுத்த பாத்தியை அடுத்த விடியலில் அது வந்து மிதித்துச் சரி செய்தது. செல்லக்கனி தினமும் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து வரப்பில் வைத்தாள், உப்பில் நடந்த கால் கழுவிக்கொள்ளட்டும் என்று. எங்களுக்கே குடிக்க நல்ல தண்ணீர் லாரியில் வருகிற ஊர் இது. சித்திரை வெயிலில் வரப்பு சுடும் என்று பனையோலை விரித்தார்கள். நடை வராத குழந்தைகளைத் தூக்கிவந்து அந்தத் தடத்தில் நிறுத்தினார்கள், சில குழந்தைகள் நடக்கவும் செய்தன, அவை எப்படியும் நடந்திருக்கும் என்று சொன்ன நர்ஸம்மாவோடு நாங்கள் கொஞ்ச நாள் பேசவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் ஷேர் ஆட்டோவில் வந்தார்கள். கபடி அணி போட்டிக்குப் போகுமுன் தடத்தைத் தொட்டுக் கும்பிட்டது. பேச்சிலேயே மரியாதை ஏறிவிட்டது. "இன்னைக்கி கால் வந்துட்டாவளா?" என்று கேட்பார்கள். "வந்துட்டுப் போயாச்சு" என்று பதில் வரும். சந்தனமாரியை மட்டும் எப்போதும் போல அந்தப் பிள்ளை என்றுதான் சொன்னோம்.

அந்தப் பிள்ளை மாசி பிறந்ததுமே வீட்டுக்கு வந்துவிட்டாள். இதுதான் நான் சொல்லக் கூச்சப்படுகிற இடம்.

மருந்து ஏற்றி ஏற்றி ரத்தத்தில் வெள்ளை அணு குறைந்திருக்கிறது, ஆட்கள் பக்கத்தில் வந்தால் சளியோ காய்ச்சலோ தொற்றிவிடும், கொஞ்ச நாள் யாரையும் வீட்டுக்குள் விடாதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். வெள்ளை அணுவைப் பற்றி ஊருக்கு எப்படிச் சொல்வது என்று பொன்னுத்தாய்க்குத் தெரியவில்லை. ஊருக்குப் புரிகிற ஒரு அடையாளம் அவளுக்குத் தெரியும். வாசல் நிலையில் ஒரு கொத்து வேப்பிலையைச் செருகினாள். அம்மை கண்ட வீட்டில் செருகுவது அது, வேப்பிலை தொங்குகிற வாசலை எங்கள் ஊரில் ஒரு கோழிகூடத் தாண்டாது. அம்மை இறங்கி, மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு வேப்பிலையை எடுப்பார்கள், அப்புறம்தான் அக்கம்பக்கம் உள்ளே வரும். ஆனால் இந்த நோய்க்கு எத்தனை தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. பொன்னுத்தாய் பூசாரியைக் கேட்டாள், அவருக்குத் தெரியவில்லை. இடையில் டாக்டரம்மா இப்போது அணு கூடியிருக்கிறது, முகத்தில் மாஸ்க் கட்டிக்கொண்டு நாலு பேர் வந்து பார்க்கலாம் என்றுகூடச் சொன்னார். தண்ணீர்க் கணக்கு தெரியாமல் வேப்பிலையை எடுக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. வெள்ளிக்கு வெள்ளி காய்ந்த கொத்தை எடுத்துவிட்டுப் பச்சைக் கொத்தைச் செருகினாள்.

எங்களுக்கும் அது வசதியாக இருந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை விடியலில் தங்கராசு லாரி வந்து நிற்பதும், போர்வை சுற்றிய ஏதோ ஒன்றை அவர் தூக்கி ஏற்றுவதும் எங்கள் கண்ணில் படத்தான் செய்தது. பார்த்தோம், பார்த்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை. முடி உதிர்ந்த தலையையும் மடித்துச் செருகிய பாவாடையையும் நேரில் பார்த்து என்ன பேசுவது. காலைப் பார்ப்பது சுலபம். காலுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதில்லை.

மருந்து ஏற்றப் போகிற நாட்கள் போக, சந்தனமாரி அந்த அறைக்குள் ஐந்து மாதம் இருந்தாள். பொன்னுத்தாய் விடிவதற்கு முன்பே சோறு பொங்கி மூடி வைத்துவிட்டு அளத்துக்குப் போய்விடுவாள், வெயில் இறங்கித்தான் வருவாள், வந்ததும் பாதிச் சாப்பாட்டிலேயே தூங்கிவிடுவாள். ஜன்னல் வழியாகச் சந்தனமாரிக்குத் தெரிந்தது எதிர் வீட்டுச் சுவரும், அதில் எழுதியிருந்த பழைய தேர்தல் சின்னமும்தான். யாராவது தெருவில் போனால் செருப்புச் சத்தத்தை வைத்து யார் என்று சொல்லிக்கொள்வாள், அந்தச் சத்தம் வாசலுக்கு நேராக வந்ததும் ஒரு அடி விலகிப் போவதையும் கேட்பாள். பிரமுவின் வீட்டுக்கு நாலு தடவை போன் செய்தாள். நாலு தடவையும் பிரமுவின் அப்பா எடுத்து, பிள்ளை படிக்கிறாள் என்று சொல்லி வைத்துவிட்டார். ஷேர் ஆட்டோக்காரர்கள் தெருமுனையில் நிறுத்தி, கால் வருகிற அளத்துக்கு எந்த வழி என்று கேட்பதும், எங்கள் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு வழி சொல்வதும் அவள் காதில் விழும். தன் காலின்மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. பிறகு வெறுப்பாக இருந்தது. பிறகு, கூடப் பிறந்தவள் கல்யாணமாகி நல்ல இடத்துக்குப் போய்விட்டு எட்டிக்கூடப் பார்க்காத மாதிரி வருத்தமாக இருந்தது.

இல்லாத காலில் அவளுக்கு உணர்ச்சி இருந்தது. இதெல்லாம் பின்னால் பிரமு சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். விடியலில் பாயில் கண் மூடிப் படுத்திருக்கும்போது உள்ளங்காலில் முதலில் குளிர்ந்த சேறு ஏறும், பிறகு உப்பு மணி குத்தும், பிறகு பனையோலையின் வழுவழுப்பு, பிறகு ரோட்டுத் தாரின் முரட்டுத்தனம். தார் ரோட்டில் தடம் விழாது என்பதால் கால் அளத்தைவிட்டு எங்கே போகிறது என்று நாங்கள் யாரும் தேடவில்லை. சந்தனமாரிக்குத் தெரிந்தது. ரோட்டுக்கு அப்புறம் நறநறவென்று நொறுக்கிய கிளிஞ்சல் உள்ளங்காலில் படும். அந்த இடத்தில் கால் நின்றுவிடும், வெகுநேரம் நிற்கும். கடைசியில் ஒரு துடைப்பம் வந்து தடத்தைக் கூட்டும், அந்தக் கூச்சத்தில் அவள் பாயில் துள்ளி விழித்துக்கொள்வாள். எங்கள் ஊரில் முற்றத்தில் கிளிஞ்சல் கொட்டிய வீடு ஒன்றுதான். சுண்ணாம்பு சுடுகிற காளவாசலுக்குக் கிளிஞ்சல் பொறுக்கிக் கொடுக்கிற பிரமுவின் அப்பா வீடு. தினமும் விடியலில் முற்றம் கூட்டுகிறவள் பிரமு.

ஆடி பிறந்தது. மருந்து எல்லாம் முடிந்திருந்தது. இனி நெஞ்சை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், இந்த வியாதி காலை விட்டால் நுரையீரலுக்குப் போகப் பார்க்கும் என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லியிருந்தார். புதன்கிழமை கிளம்ப வேண்டும். ஸ்கேனில் என்ன வரும் என்று சந்தனமாரிக்குப் பயம் இருந்தது, ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. தான் திரும்பி வராமல் போய்விட்டால், தன் கையால்தான் அவள் போனாள் என்று பிரமு கிழவியாகிற வரைக்கும் நினைத்துக்கொண்டிருப்பாள். அதைச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் போதும்.

செவ்வாய்க்கிழமை பொன்னுத்தாய் அளத்துக்குப் போன பிறகு, சந்தனமாரி கக்கத்தில் ஊன்றுகட்டைகளை வைத்துக்கொண்டு எழுந்தாள். ஐந்து மாதத்தில் தானாக நடந்து அறையைத் தாண்டியதில்லை, வாசற்படி இறங்குவதற்குள் மூச்சு வாங்கியது. நிலையில் தொங்கிய வேப்பிலை மொட்டைத் தலையில் உரசியது. தெருவில் ஆள் இல்லை. எல்லோரும் அளத்தில், காலைப் பார்க்கக் கூடியிருந்தார்கள். ஆனால் அன்று கால் அளத்துக்குப் போகவில்லை. வாசலுக்கு வெளியே, நேற்றைய தூறலில் நனைந்த புழுதியில், ஒரு வலது தடம் அவளுக்காக நின்றுகொண்டிருந்தது.

அவள் அதன் பக்கத்தில் தன் இடது காலை வைத்தாள். அடுத்த வலது தடம் முன்னால் விழுந்தது. கட்டைகளை ஊன்றி அவள் அடுத்த அடி வைத்தாள், அது அந்த இடைவெளியில் சரியாகப் போய் உட்கார்ந்தது. கால் அவசரப்படவில்லை. அவள் நின்று மூச்சு வாங்கியபோது அதுவும் நின்றது, அவள் அழுதபோதும் நின்றது. தெருவைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, மைதானத்து ஓரமாக, ரோட்டைக் குறுக்கே கடந்து அவர்கள் கிளிஞ்சல் முற்றத்துக்கு வந்தார்கள்.

பிரமு துடைப்பத்தோடு தயாராக நின்றாள். தினமும் ஊர் பார்க்குமுன் கூட்டிவிடுகிற அந்தத் தடத்துக்காகக் குனிந்தவள், பக்கத்தில் இன்னொரு தடத்தையும் இரண்டு குழிகளையும் பார்த்து நிமிர்ந்தாள். மெலிந்து, கறுத்து, புருவம்கூட இல்லாமல் நின்ற முகத்தை அடையாளம் காண அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"உங்கம்மா வையும்," என்றாள்.

"வையட்டும்."

"தெனமும் வந்து நிக்கிட்டி உன் காலு. என்ன பண்ணிப்புட்டன்னு கேக்க வருதுன்னு நெனச்சு நான் கூட்டிக் கூட்டி விடுதேன்."

"அது ஏன் கேக்கப்போவுது. உன்ன பாக்க வந்திருக்கும். எனக்கு வர முடியல, அதுக்கு முடிஞ்சிது." சந்தனமாரி கட்டைகளின்மேல் சாய்ந்துகொண்டாள். "நீ பிடிச்சதால வரலட்டி. டாக்டர்ட்ட மூணு தடவ கேட்டேன். அதுக்கு முந்தியே உள்ள இருந்திருக்கு. அதச் சொல்லத்தான் வந்தேன்."

பிரமு துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை. "சத்தியமா?"

"நாளைக்கு ஸ்கேன் எடுக்கப் போறேன். பொய் சொல்லிட்டுப் போவேனா."

பிரமு கிளிஞ்சல் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். ஒரு வருஷத்து அழுகை அது.

அளத்தில் நாங்கள் காத்துப் பார்த்தோம். கால் வரவில்லை என்றதும் கலவரமாகிவிட்டது. யாரோ ஓடிவந்து தெருவில் தடம் கிடக்கிறது என்றார்கள், போய்ப் பார்த்தால் வலது தடத்தோடு ஒரு இடது தடமும் இரண்டு பக்கமும் கட்டை ஊன்றிய குழிகளும் கிடந்தன. எவனோ ஒருவன் காலோடு சரிக்குச் சரி நடந்து தடத்தைத் தீட்டுப்படுத்திவிட்டான் என்று எங்களுக்குக் கோபம். சுயம்பு மட்டும் குந்தி உட்கார்ந்து அந்த இடது தடத்தைப் பார்த்தார், பார்த்துவிட்டு எழுந்து முன்னால் நடந்தார். நாற்பது ஐம்பது பேர், பாத்தி சேறு காயாத கால்களோடு, செல்லக்கனி குடத்தோடு, பொன்னுத்தாயும் கூட்டத்தில் ஒருத்தியாக, தடத்தைப் பிடித்துக்கொண்டே போய், ரோட்டில் விட்டதை அந்தப் பக்கம் கட்டைக் குழியை வைத்துப் பிடித்து, கிளிஞ்சல் முற்றத்தில் நின்றோம். அங்கே இரண்டு பிள்ளைகள் தோளில் தோள் சாய்த்து உட்கார்ந்திருந்தார்கள். கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலம் ஒன்று நடுவில் பிரிந்து கிடந்தது. பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பிய நாள் முதல் இளகி இளகி ஒட்டிப்போயிருந்ததை இரண்டு பேரும் கல்லால் தட்டித் தின்றுகொண்டிருந்தார்கள்.

சுயம்புதான் தொண்டையைக் கனைத்தார். எதைக் கேட்பது என்று தெரியாமல், வெளியூரிலிருந்து வந்த யாரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"எப்பம்மா வந்த?"

"அஞ்சு மாசமாச்சு மாமா," என்றாள் சந்தனமாரி.

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். எங்களில் சிலர் தரையைப் பார்த்தோம், சிலர் ஊருக்குப் பேர் கொடுத்த ஒத்தப்பனையைப் பார்த்தோம். பொன்னுத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "எத்தன தண்ணின்னு தெரியலய்யா, தெரிஞ்சா நான் எடுத்திருக்க மாட்டனா," என்று யாரிடமோ சொன்னாள்.

பிரமு எழுந்தாள். கூட்டத்துக்குள் வந்து, காலுக்கென்று கொண்டுவந்த நல்ல தண்ணீர்க் குடத்தைச் செல்லக்கனியின் இடுப்பிலிருந்து இறக்கினாள். செல்லக்கனி ஒரு நொடி விடாமல் பிடித்திருந்தாள், பிறகு விட்டாள். பிரமு சந்தனமாரியின் முன்னால் மண்டியிட்டு, கால் நனைகிற அளவுக்குத் தண்ணீரைச் சாய்த்து, ஐந்து மாதத்துக்குப் பிறகு புழுதி பட்டிருந்த அந்த ஒற்றை இடது காலைக் கணுக்காலோடு சேர்த்துப் பிடித்துக் கழுவினாள். விரல் இடுக்கில் தண்ணீர் பட்டதும் கால் கூசித் துள்ளியது.

பிரமு விடவில்லை.